சர்வரில் ஒரு பிரதி

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் அந்தத் தெருவுக்கு முதலில் போன் வந்தது சிவசங்கரன் வீட்டுக்குத்தான். வந்த நாளிலிருந்து தெருவில் முக்கால்வாசிப் பேர் வேலை விண்ணப்பத்திலும் கல்யாணக் கடிதத்திலும் அந்த எண்ணை எழுதிப் பக்கத்தில், அடுத்த வீட்டுப் போன் என்பதற்கு அடையாளமாக, 'பி.பி.' என்று போட்டுக்கொடுத்தார்கள். மணி அடிக்கும். சிவசங்கரன் எடுப்பார். "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய் ஆளைக் கூட்டி வருவார். வந்தவர்கள் பேசுவதை அவர் ஒட்டுக்கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வெளியூர் போனில் மெதுவாகப் பேசுகிறவர்கள் நம் ஊரில் எங்கே இருக்கிறார்கள்? யார் வீட்டில் பிரசவம், எந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போயிருக்கிறான் என்பதெல்லாம் அவர் வீட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் தெருவுக்குள் போகும். பொதுப்பணித் துறையில் சூப்பிரண்டெண்டாக இருந்து கிடைக்காத மரியாதை அந்தக் கறுப்புப் போனால் கிடைத்தது.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்டது. அதே வருஷம் அவர் ஓய்வும் பெற்றார். ஆபீசும் போய், தெருவும் வராமல் போனால் மனுஷன் என்ன செய்வான்? மணி அடித்தால் பழைய ஞாபகத்தில் வேட்டியை மடித்துக் கட்டுவார். "நமக்கு வந்த போன்தான், உக்காருங்க" என்பாள் மனைவி ஞானம்பாள்.

இந்த நிலைமையில்தான் அமெரிக்காவில் இருக்கும் மகன் கணேஷ்ராம் லீவில் வந்து அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கி வைத்துவிட்டுப் போனான். சிவசங்கரன் சென்னையிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பத்திரிகையை வரி விடாமல் படித்தார். ஆறே மாசத்தில் தெரு மறுபடியும் அவர் கூடத்துக்கு வந்துவிட்டது. துபாயில் மகன் இருக்கிறவர்கள், பம்பாயில் மகள் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அவர்தான் மெயில் அக்கவுண்ட் வாங்கிக் கொடுத்தார். பாஸ்வேர்டு வைத்தவரும் அவரே, அதை ஞாபகத்தில் வைத்திருந்தவரும் அவரே. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் போட்டு இணைப்பு வாங்குவார். ஒரே பொத்தானைத் தட்டினால் தெருவுக்கு வந்த மெயில் மொத்தமும் அவர் மிஷினில் இறங்கும். பிரிண்ட் எடுத்து, மடித்து, பெயர் எழுதி, காப்பி குடித்த கையோடு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. நம்மாளுக்கு அதுவும் கிடையாது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்த சமயம், அடுத்த தெரு பாபநாசத்தின் மகள் பிருந்தா அவரிடம் யோசனை கேட்க வந்தாள். பாபநாசம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சிவசங்கரனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகம். மனைவி போனபிறகு அவருக்குச் சாயங்காலக் காப்பி சிவசங்கரன் வீட்டில்தான். பிருந்தா எம்.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள்.

"மாமா, எனக்குன்னு தனியா ஒரு மெயில் அக்கவுண்ட் வேணும். பெங்களூர்ல ஆராய்ச்சிக்கு எழுதிப் போடுதேன். கூப்பிடுததும் சேத்துக்கிடுததும் எல்லாம் மெயில்லதான் சொல்லுவாவளாம். எந்த மாதிரி அக்கவுண்ட் எடுத்தா நல்லது?"

சிவசங்கரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆறு மாசமாகக் காத்திருந்த மனுஷன்.

"உக்காருட்டி. இதுல மூணு தினுசு இருக்கு. வெப் மெயில்னு ஒண்ணு. ஓசியாக் குடுப்பான். பிரௌசிங் சென்டர்ல போய் வரிசைல நின்னு பாக்கணும். பெட்டி சின்னது. கொஞ்ச நாள் பாக்காம விட்டா அக்கவுண்டையே மூடிருவான். ரெண்டாவது ஐமேப். மெயில் பூரா அவன் சர்வர்லயே கெடக்கும், நாம எங்கன இருந்தும் எட்டிப் பாத்துக்கிடலாம். ஆனா பாக்குத நேரம் பூரா லைன் ஓடும். நம்ம இணைப்புக்காரன் அதைக் குடுக்கவும் இல்ல. மூணாவது பாப். லைனைப் போட்டோமா, வந்ததை நம்ம மிஷினுக்கு இழுத்தோமா, லைனை வெட்டுனோமான்னு இருக்கலாம். பெறவு ஆற அமரப் படிக்கலாம். ஆத்துல ஓடுத தண்ணி ஆருக்குச் சொந்தம்? கொடத்துல மோந்து வீட்டுல கொண்டு வச்சாத்தான நம்ம தண்ணி?"

"அப்ப எனக்கு பாப்தானா மாமா?"

"உனக்கு பாப்தான். கண்ண மூடிக்கிட்டு எடு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் குடம் இருந்தது அவர் வீட்டில். பிருந்தா வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. இன்றைக்குப் பாளையங்கோட்டையிலும் நாளைக்குப் பெங்களூரிலும் இருக்கப்போகிற பெண்ணுக்கு, எங்கே போனாலும் பார்க்கிற மாதிரி ஒரு வெப் மெயில்தான் சரி. அவர் படித்த பத்திரிகையிலேயே இதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தான். அதைப் படித்துத் தலையாட்டியவர்தான் அவர். ஆனாலும் பிருந்தா சாயங்காலம் சாயங்காலம் வந்து "மாமா, மெயில் வந்திருக்கா?" என்று கேட்பது அவருக்கு வேண்டியிருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மிஷினுக்கு இழுத்த பிறகும் சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால், அவர் எடுத்தாலும் அவள் வெளியே இருந்து பார்க்கலாம். டிக் போடாவிட்டால், அவர் எடுத்த நிமிஷம் அங்கே பெட்டி காலி. பெட்டி நிறைந்துவிடும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அதில் அவர் டிக் போடவில்லை.

பெங்களூரில் மே மாதம் நேர்முகம் நடந்தது. போய்விட்டு வந்த பிருந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பாபநாசம் பிடிவாதக்காரர்.

"இந்த ஒரு தடவைதான். கெடச்சா போ, நான் தடுக்கல. கெடைக்கலன்னா ஆவணி பெறந்ததும் ஜாதகத்தை எடுத்துருவேன். பெறவு மறுபேச்சு பேசக் கூடாது."

"சரிப்பா" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாத மகள், சொன்னால் சொன்னதுதான். ஆகவே அவள் தலையெழுத்து பெங்களூரிலிருந்து வரவேண்டிய ஒரு மெயிலில் இருந்தது. அந்த மெயில் வந்து சேர வேண்டிய இடம் சிவசங்கரன் மேஜை.

ஆடி பிறக்கிற சமயத்தில் கல்லிடைக்குறிச்சியில் சிவசங்கரனின் மைனி, அண்ணன் மனைவி, தவறிவிட்டாள். அண்ணனுக்குப் பிள்ளைகள் கிடையாது, இவர்தான் முன்னால் நின்று எல்லாம் பார்க்க வேண்டும். பதினாறு கழிகிறவரை அங்கேதான் இருக்க வேண்டியிருக்கும் என்று ஞானம்பாள் பெட்டியைக் கட்டினாள். விடிந்ததும் கார் வந்து வாசலில் நின்றது. துஷ்டிச் செய்தி கேட்டு பிருந்தா ஓடி வந்தாள். ஞானம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மெயிலைப் பத்திக் கவலைப்படாதிய மாமா. நீங்க வார வரைக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கம் அலி அக்பர் சென்டர்ல போய்ப் பாத்துக்கிடுதேன். பாஸ்வேர்டு தெரிஞ்சா நம்ம பெட்டிய அங்கன ஒரு வெப் பக்கத்துல தெறந்து பாக்கலாமாம், அவரு சொன்னாரு. என்னுது எனக்குத் தெரியும். தெருவுல மத்தவங்களோடதையும் எழுதிக் குடுத்தியன்னா நானே பாத்துச் சொல்லுதேன்."

நல்ல மனசோடு சொன்னாள். சிவசங்கரனுக்கு அது முள்ளாகத் தைத்தது. அப்படியானால் அவர் இல்லாமலே பார்க்கலாம். தெரு முழுக்கப் பார்க்கலாம். பதினாறு கழிந்து திரும்பி வரும்போது தெருவே அலி அக்பர் சென்டரில் உட்கார்ந்திருக்கும்.

காரில் ஒரு காலை வைத்தவர், "கண்ணாடிய வச்சிட்டு வந்துட்டேன்" என்று உள்ளே போனார். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டார். மோடம் கீச்சிட்டு இரைந்து ஒருவழியாக இணைப்பு கிடைத்தது. "கார்க்காரன் சத்தம் போடுதான், அங்கன என்ன செய்யுதிய?" என்று ஞானம்பாள் கூப்பிட்டாள். அவர் பொத்தானைத் தட்டினார். தெருவின் மெயில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. யாருக்கு என்ன வந்தது என்று பார்க்கவில்லை. எல்லாம் இறங்கி முடிந்ததும் மிஷினை அணைத்து, துணியைப் போட்டு மூடி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பழக்க தோஷத்தில் செய்ததாகத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டார். சேரன்மகாதேவி தாண்டியதும் அது பழக்க தோஷம் இல்லை என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. வெறும் பெட்டியைப் பார்த்துவிட்டு அவள் திரும்பட்டும் என்றுதான் செய்தார். சாவு வீட்டுக்குப் போகிற மனுஷன் செய்கிற காரியமா இது என்று அப்போதே கொஞ்சம் கூசியது. அங்கே போய்ச் சேர்ந்ததும் பந்தலும் ஆட்களுமாக அது மறந்தும் போயிற்று.

விசேஷமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரும்பினார்கள். ஞானம்பாள் வீட்டைப் பெருக்கப் போனாள். சிவசங்கரன் அறையைத் திறந்து மிஷினைப் போட்டார். முதலில் கண்ணில் பட்டதே பிருந்தாவுக்கு வந்த மெயில். அவர் கிளம்பிப் போனதற்கு முந்தின சாயங்காலம் பெங்களூரிலிருந்து அனுப்பியது. உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், உதவித்தொகையும் உண்டு, இன்ன தேதி வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதுங்கள், எழுதாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை முந்தாநாள்.

அவர் திரும்பப் படித்தார். மூன்றாம் தடவையும் படித்தார். தேதி மாறுமா? கீழே பேராசிரியரின் பெயரும் போன் எண்ணும் இருந்தன. இந்த நிமிஷமே அடுத்த தெருவுக்கு ஓடி, "ஏட்டி, தப்பு நடந்துபோச்சு, நாளைக்குக் காலைல மொத வேலையா போன் போடு" என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்துகூட விட்டார். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு சத்தியநேசன் துக்கம் கேட்க வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவர் மகன் துபாயில் இருக்கிறான்.

"நீரு இல்லாம தெருவே ஓடல வே" என்றார் சத்தியநேசன். "பிருந்தா பாவம், அந்த சென்டருக்கு நாயா அலைஞ்சா. ஒண்ணும் வரலன்னு வந்தா. உம்ம கைல இருந்தாத்தான் அது வேலை செய்யுது போல."

அந்தப் பேச்சு முடியுமுன்னே வாசலில் பிருந்தாவின் குரல் கேட்டது. "அத்தை, மாமா வந்தாச்சா?" உள்ளே வந்தவளின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஞானம்பாள் விளக்குமாற்றோடு நின்றாள், சத்தியநேசன் வாய் நிறையச் சிரிப்போடு இருந்தார்.

"மாமா, உங்க மிஷின்ல எதுவும் வந்திருக்கா? நீங்க போறதுக்கு முன்னால எதாவது…?"

"இல்லையே" என்றார் சிவசங்கரன். "ஒண்ணும் வரலியேம்மா."

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று அவருக்கே தெரியாது. ரெண்டு பேர் முன்னால் தலைகுனிய முடியாமல் நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷத்துக்கு ஒரு ஆறுதல். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு சொல்வதற்காகவே கிளம்பவும் செய்தார். பாபநாசம் வாசலிலேயே எதிரே வந்துவிட்டார். பிருந்தா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் குடையும் கையுமாகப் பின்னால் வந்தாள்.

"உம்ம நம்பித்தான் வே இருக்கா இவ" என்றார் பாபநாசம். "ராத்திரி பூரா ஒரே புலம்பல். மாமா வந்துட்டாரு, இனி வந்துரும் வந்துருங்கா."

பிருந்தா அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "காலைல எடுத்துப் பாத்தியளா மாமா?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான் பாக்கணும்மா."

அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சிவசங்கரன் உள்ளே வந்து ரெண்டு காரியம் செய்தார். அந்த மெயிலின் மேல் வைத்துத் தட்டி, 'படிக்காதது' என்று குறி போட்டார். மெலிந்திருந்த எழுத்து மறுபடியும் தடித்து, யார் கையும் படாதது போல ஆகிவிட்டது. அடுத்ததாக, அந்தக் கட்டத்தைத் தேடிப் பிடித்து சர்வரில் ஒரு பிரதி விட்டுவைக்கச் சொல்லி டிக் போட்டார். இனிமேலாவது தன்னால் யாருக்கும் இப்படி நேராமல் இருக்கட்டும் என்று நினைத்தார். முதல் காரியம் கள்ளத்தனம், ரெண்டாவது பிராயச்சித்தம். ரெண்டையும் ஒரே கையால் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்தார்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். பிருந்தா கையில் ஒரு பிரிண்ட். அலி அக்பர் சென்டரில் எடுத்தது. சர்வரில் பிரதி கிடந்ததால் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"படிங்க மாமா."

அவர் படித்தார். 'எங்கள் முதல் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. நேர்முகத்தில் நீங்கள் மிக நன்றாகச் செய்திருந்ததால் வெள்ளியோடு முடிக்காமல் திங்கள் மத்தியானம்வரை காத்திருந்தோம். இப்போது இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வருந்துகிறோம்.'

திங்கள் மத்தியானம். திங்கள் காலையில் இதே வாசலில் குடையோடு நின்று கேட்டாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எஸ்.டி.டி. போட்டுக் கேட்டேன் மாமா" என்றாள் பிருந்தா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அந்த எடத்துக்கு எடுத்த பையன் வந்து சேந்தே விட்டானாம். மொத மெயில் நீங்க ஊருக்குப் போனதுக்கு முந்தின நாளே அனுப்பிட்டாவளாம். சென்டர்ல இல்ல. அப்ப அது எங்க போச்சு?"

"மிஷினுக்கு என்னட்டி தெரியும்" என்று பாபநாசம் இடைமறித்தார். "நடுவுல எங்கனயாவது தொலைஞ்சிருக்கும். சிவசங்கரன் என்ன செய்வாரு?"

"இருங்கப்பா. மாமா, உங்க மிஷின்ல ஒரு தடவை பாக்கலாமா?"

மறுக்க வழியில்லை. அறைக்குள் போனார்கள். அவர் பட்டியலைத் திறந்து கீழே உருட்டினார். இருந்தது. பிருந்தா குனிந்து திரையைப் பார்த்தாள். தடித்த எழுத்தில், மூடின உறைப் படத்தோடு இருந்தது. படிக்காத மெயில் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"ஊருக்குப் பொறப்படுத அவசரத்துல இழுத்திருக்கேன்" என்றார் சிவசங்கரன். "வந்த பெறகு எப்படியோ கண்ணுல படல."

பிருந்தா கொஞ்ச நேரம் அந்தத் தடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இடம் போனதற்காக அழுதாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

"என்னை மன்னிச்சிருங்க மாமா" என்றாள். "வார வழியில உங்கள நான் என்னவெல்லாமோ நெனச்சிட்டேன். பாத்துட்டு வேணும்னே சொல்லாம இருந்துட்டியளோன்னு நெனச்சேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

வாயைத் திறக்க இதைவிட ஒரு நேரம் வராது. சிவசங்கரன் வாயைத் திறந்தார்.

"பரவால்லம்மா" என்றார்.

ஆடி முடிகிறவரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது ஏசியிருந்தால் தேவலை. ஒருத்தரும் ஏசவில்லை. தெரு முழுக்க அவருக்குத்தான் ஆறுதல் சொன்னது. "பதினாறாவது நாள் துக்கத்துல வந்த மனுஷன், எதைப் பாப்பாரு" என்றார் சத்தியநேசன். பாபநாசம் தினமும் சாயங்காலம் வந்து காப்பி குடித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திட்டினார். "விதி வே. அந்த எடம் அவளுக்கு விதிக்கல. நீரு மனசுல போட்டு உழப்பாதீரும்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். தட்டின இடம் சுட்டது. பிருந்தா அலி அக்பர் சென்டரில் ஒரு வெப் மெயில் எடுத்துக்கொண்டாளாம். வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனாள். கோபத்தில் அல்ல. மாமாவைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற வெட்கத்தில். அந்த வெட்கம் யாருடையது என்று ஒருவருக்குத்தான் தெரியும். அவள் எதிரே வருகிறாள் என்றால் அவர் சந்தில் திரும்பிவிடப் பழகிக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்த நாளன்று குளித்து விபூதி பூசிக்கொண்டு, மஞ்சள் பையோடு பாபநாசம் வந்தார். பையில் பிருந்தாவின் ஜாதகம்.

"சிங்கப்பூர்ல ஒரு பையன் வே. நம்மளவங்கதான், வீரவநல்லூர்ப் பக்கம். விவரத்தை மெயில்ல அனுப்பச் சொல்லுதாவ. நல்ல நேரம் முடியதுக்குள்ள தட்டி விட்டுரும்."

"பிருந்தா என்ன சொல்லுதா?"

"என்ன சொல்லுவா? சொன்ன சொல் தவற மாட்டா எம்மவ. சரின்னுட்டா. கொஞ்ச நாளா சரின்னு சொல்லுததத் தவிர வேற பேச்சே இல்ல அவகிட்ட."

சிவசங்கரன் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். பாபநாசம் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல இவர் இங்கிலீஷில் தட்டினார். பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம். பாதியில் பாபநாசம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சேத்துக்கிடும். பொண்ணுக்கு மேல படிக்கதுல இஷ்டம் இல்லன்னு போடும். பெங்களூர் சமாச்சாரம் காதுல விழுந்தா மாப்பிள்ள வீட்டுல யோசிப்பாவ."

சிவசங்கரன் ரெண்டு வார்த்தை தட்டினார். அதற்கு மேல் விரல் போகவில்லை. திரையில் அவள் பெயர் இருந்தது, பக்கத்தில் இஷ்டம் இல்லை என்பதன் பாதி இருந்தது. நேர்முகம் முடிந்து வந்த அன்று, பேராசிரியர் தன்னிடம் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன் என்று ஞானம்பாளிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன பெண். அந்தப் பெண்ணுக்கு இஷ்டம் இல்லை என்று தன் கையாலேயே எழுத வேண்டும்.

"என்ன வே, எழுத்து மறந்துட்டா?"

"பாபநாசம்" என்றார். திரும்பாமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அது விதி இல்ல வே. அந்த மெயிலை ஞாயித்துக்கிழமையே நான் படிச்சிட்டேன். அவ வந்து கேட்டப்ப வரலன்னு சொன்னேன். திங்கக்கிழமை காலைல நீரு பக்கத்துல நிக்கும்போதும் சொல்லல. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எடம் இருந்திருக்கு. பெறவு படிக்காத மாதிரி நானே மாத்தி வச்சேன்."

நிறுத்தினால் முடியாமல் போய்விடும் என்று சிவசங்கரன் மேலே மேலே சொன்னார்.

"காருல ஏறுதவன் எறங்கி வந்து வேணும்னேதான் எல்லாத்தையும் இழுத்தேன். நான் இல்லாம அவ பாத்துரக் கூடாதுன்னுதான். அவளுக்கு பாப் எடுன்னு சொன்னதே இங்கன வரணும்னுதான். அவளுக்கு எது சரின்னு எனக்கு அப்பவே தெரியும்."

இத்தனையும் சொன்னபிறகுதான் திரும்பினார். பாபநாசம் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அன்னைக்கு இந்த ரூமுக்குள்ள நின்னு அவ உம்மகிட்ட மன்னிப்பு கேட்டா."

"ஆமா."

"அழுதுகிட்டே கேட்டா."

"ஆமா வே."

"நீரு வாங்கிக்கிட்டீரு."

சிவசங்கரன் தலையை ஆட்டினார். பாபநாசம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். மேஜைமேல் இருந்த ஜாதகத்தை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இது இப்ப வேண்டாம். அவ அடுத்த வருசம் எழுதிப் போடட்டும். இனி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றார். இவரிடம் சொன்ன மாதிரியே இல்லை, தனக்குள் ஒரு கணக்கை முடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஞானம்பாள் காப்பியோடு வந்தாள். "அண்ணாச்சி, நல்ல காரியத்துக்குப் பொறப்பட்டிருக்கிய, இனிப்பா இருக்கட்டும்னு இன்னைக்குச் சீனி கூடப் போட்டுருக்கேன்" என்று தம்ளரை நீட்டினாள்.

"வேண்டாம் தாயி" என்றார் பாபநாசம். அவளுக்காகக் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் பைய நடந்து போனார்.

ஞானம்பாள் தம்ளரும் கையுமாக வாசலைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "என்னங்க, அண்ணாச்சி ஏன் காப்பி குடிக்காமப் போறாவ? நீங்க எதுவும் சொன்னியளா?"

சிவசங்கரன் அவளை உட்காரச் சொன்னார். அவளிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.